தேங்காய்ப்பால் கிறீம் நின்ற நாள்

1

இதைக் கதையாக எழுத நான் நினைக்கவில்லை. எங்கள் பாடசாலையின் பழைய மாணவிகள் சேர்ந்து ஒரு சமையல் மலர் போடுகிறார்கள். அதற்கு ஒரு பக்கம் கேட்டார்கள். பம்பலப்பிட்டியில் இருபத்தெட்டு வருடம் தமிழ் படிப்பித்தவள் நான். இடைக்கிடை பத்திரிகைகளில் சிறுகதைகளும் எழுதியிருக்கிறேன். ஆனால் அவர்கள் கேட்டது கதை அல்ல.

"ரீச்சர், உங்கட அந்தத் தேங்காய்ப்பால் கிறீம் இருக்கெல்லே, கேக்குக்கு மேல போடுறது, அதை எழுதித் தாங்கோ. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளையள் இப்ப கனபேர்" என்றாள் தொலைபேசியில் பேசிய மாணவி.

ஒரு பக்கம்தானே என்று அன்று காலையே மேசையில் உட்கார்ந்தேன். இப்படித் தொடங்கினேன்:

தேவையானவை: முற்றிய தேங்காய் மூன்று. ஐசிங் சீனி ஐந்து மேசைக்கரண்டி. சோளமா ஒரு தேக்கரண்டி. வனிலா சில துளி. ஐஸ்கட்டி ஒரு தட்டு.

செய்முறை: முதலில் நேசமலர்

அங்கே பேனை நின்றுவிட்டது. "முதலில் தேங்காயை" என்றுதான் எழுத இருந்தேன். கை வேறொன்றை எழுதிவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்றில் தொடங்கினேன். அதிலும் "உங்கட கிறீம்" என்று அந்தப் பிள்ளை சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அது என்னுடைய கிறீம் அல்ல. பதினெட்டு வருடமாக யார் கேட்டாலும் என்னுடையது என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

சமையல் மலருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போட்டாயிற்று. இது அந்தப் பக்கத்துக்குப் பதிலாக எழுதுவது.

2

நேசமலரை உங்களுக்குக் காட்டவேண்டும். முதல் வரைவில் எழுதியது இது: "மெலிந்த தேகம். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோன்ற சோகம் ததும்பும் விழிகள்—"

அடித்துவிட்டேன். அது பொய். நீங்கள் அவளுக்காக விரைவில் இரங்கவேண்டும் என்பதற்காக எழுதியது. நீங்கள் அவளைப் பார்த்து இரங்கிக்கொண்டிருந்தால் என்னைக் கவனிக்கமாட்டீர்கள் அல்லவா?

உண்மையில் அவள் பருத்த உடம்புக்காரி. சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். குளியலறைக்குள் போனால் முக்கால் மணித்தியாலம் வெளியே வரமாட்டாள், அதற்காக எனக்கும் அவளுக்கும் வாரத்துக்கு ஒருமுறை சண்டை. சிங்களம் தெரியாது, ஆனால் ரூபவாஹினியில் சிங்கள நாடகம் ஒன்றையும் தவறவிடமாட்டாள். "இவன் அவளை ஏமாத்தப்போறான் அக்கா, பாருங்கோவன்" என்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஊர் கிளிநொச்சி. கணவன் நாகேந்திரம் கனடாவில் இருந்தார். அவர் அவளைக் கூப்பிடுவதற்கு மனுப் போட்டிருந்தார். தூதரகம் நேர்முகத்துக்குக் கூப்பிடும்போது கொழும்பில் நிற்கவேண்டும் என்று 2006ஆம் ஆண்டு யூனில் வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினாள். அங்கே பொலிசில் பதிந்து பதிவுத் துண்டும் எடுத்திருந்தாள். ஓகஸ்டில் சண்டை தொடங்கி, வடக்குக்குப் போகும் பாதை பூட்டிவிட்டது. திரும்பிப் போகவும் வழியில்லை. லொட்ஜில் கிழமைக்கு இரண்டு சோதனை. அந்தப் பக்கம் குடியிருந்த கொன்ஸ்ரன்ஸ், என்னோடு படிப்பித்த ரீச்சர், கோயிலில் நேசமலரைப் பழக்கம் பிடித்திருக்கிறார். "உங்கட பின் அறை சும்மாதானே கிடக்கு" என்று என்னிடம் கேட்டார். செப்டெம்பரில் நேசமலர் வெள்ளவத்தைக்கு, எங்கள் வீட்டின் பின் அறைக்கு வந்தாள்.

அடுத்த மாதம் பொலிசிலிருந்து ஒரு படிவம் வந்தது. வீட்டில் இருப்பவர்கள் எல்லாருடைய பெயரும், ஊரும், அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

என் கணவர் வரதராசா ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர். அந்தப் படிவத்தை வாசித்து முடித்து மேசையில் வைத்தார்.

"இஞ்ச பாரும், கிளிநொச்சி எண்டு எழுதினா நாளைக்கு என்னையும் கூப்பிட்டு விசாரிப்பாங்கள்."

"அப்ப என்ன செய்யிறது? ஆள் இஞ்சதானே இருக்கிறா."

"அவவின்ர துண்டு கொட்டாஞ்சேனையில இருக்கு. அது காணும். நாங்கள் எங்கட பேரை மட்டும் எழுதுவம்."

மூன்று பெயர்கள் எழுதப்பட்டன. அவர், நான், எங்கள் மகள் சங்கவி.

(இதை "வரதராசா நேசமலரின் பெயரை எழுதவில்லை" என்று ஒரு வசனத்தில் முடித்திருந்தேன். அவர் இறந்து மூன்று வருடமாகிறது, மறுத்துச் சொல்ல வரமாட்டார். ஆனால் அவருடைய கையெழுத்து கிறுக்கல். அரசாங்கப் படிவங்கள் எல்லாம் இந்த வீட்டில் நான்தான் நிரப்புவது. அதையும் நான்தான் நிரப்பினேன், வடிவான எழுத்தில்.)

3

சங்கவி எனக்கு நாற்பது வயதில் பிறந்தவள். ஐந்து வயதில், ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக்கின் கிறீமை விரலால் தொட்டு நக்கினாள். பத்து நிமிடத்தில் சொண்டு வீங்கி, மூச்சு இழுத்து, ஓட்டோவில் ஆசுப்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டோம். பால், பட்டர், சீஸ் எதுவும் ஆகாது என்றார்கள். கடையில் விற்கும் கிறீம் மாவின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் பால்மா. மாஜரினிலும் பால்.

அதற்குப் பிறகு கொண்டாட்டங்களுக்குப் போகும்போது ஒரு சின்ன டப்பாவில் அவளுக்கு விசுக்கோத்து வைத்து அனுப்புவேன். கேக் நீட்டினால், "எனக்குக் கிறீம் பிடிக்காது அன்ரி" என்பாள். ஏழு வயதுக்குள் அதை அவ்வளவு இயல்பாகச் சொல்லப் பழகிவிட்டாள். நானும் அதை நம்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஷபீகாவின் மகளுக்கு மார்ச் மாதம் பிறந்தநாள். நேசமலரும் எங்களோடு வந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"பிள்ளை பொய் சொல்லுது அக்கா. பிடிக்காதாம்! பாத்தனீங்களே, கண் அந்தக் கேக்கிலயே நிக்குது."

"என்ன செய்யிறது நேசம். விதி."

"விதியும் மண்ணாங்கட்டியும். தேங்காய் இருக்குத்தானே?"

கிளிநொச்சியில் அவள் கேக் செய்து விற்றவள். கரண்ட் இல்லாத ஊரில், கையால் முட்டை அடித்து, மணல் போட்ட தகரப் பெட்டிக்குள் வேகவைத்து, கலியாண வீடுகளுக்கு மூன்று தட்டுக் கேக் கொடுத்தவள். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியும் மின்சார பீற்றரும் இருப்பதைப் பார்த்து, "இவ்வளவும் வைச்சுக்கொண்டு நீங்கள் புட்டுத்தானே அவிக்கிறியள்" என்று என்னைப் பகிடி பண்ணுவாள்.

முதல்தரம் அவள் பிழிந்த பால் தண்ணீராகவே நின்றது. எவ்வளவு அடித்தும் நுரை வந்து அமுங்கிவிட்டது. அன்றைக்கு எல்லாரும் அதில் சொதி சாப்பிட்டோம், இனித்தது. இரண்டாம் தரம் தண்ணீரைக் குறைத்தாள். கட்டியாக வந்தது, ஆனால் ஆசையில் அதிகநேரம் அடித்துவிட்டாள். எண்ணெய் பிரிந்து திரிதிரியாகப் போயிற்று. மூன்றாம் தரம் கிண்ணத்தில் அழகாக நின்றது. கேக்கில் பூசி மேசையில் வைத்தோம். ஏப்ரல் மாத வெள்ளவத்தை வெக்கை. பத்து நிமிடத்தில் ஒரு பக்கமாக வழிந்து மேசைச்சீலையில் இறங்கியது. நேசமலர் கதிரையில் இருந்தபடி அது வழிந்து முடியும்வரை பார்த்தாள். பிறகு வழித்துத் தின்றாள்.

(சமையற்குறிப்பு இவ்வளவுதான். துருவிய தேங்காய்ப்பூவில் தண்ணீர் விடவேண்டாம், ஒரு கை தெளித்தால் போதும். முதற்பாலை மட்டும் துணியில் இரண்டுதரம் வடித்து, குளிரில் ஒரு நாள் வையுங்கள். மேலே கட்டியாக எழுவதை மட்டும் எடுங்கள், கீழே நிற்கும் தண்ணீர் வேண்டாம். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் சோளமாவைக் காய்ச்சி நன்றாக ஆறவைத்துச் சேருங்கள். கிண்ணமும் பீற்றரின் கம்பிகளும் குளிர்ந்திருக்கவேண்டும். கிண்ணத்துக்குக் கீழே ஐஸ்கட்டி. ஐசிங் சீனியையும் வனிலாவையும் கடைசியில் போடுங்கள். குவிந்து நிற்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் அடிப்போம் என்று நினைத்தால் கெட்டது. ஒவ்வொரு சொல்லும் நேசமலருடையது.)

ஆறாம் தரமோ ஏழாம் தரமோ, மே மாதத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பள்ளியால் வந்தபோது அவள் குசினி வாசலில் கிண்ணத்தோடு நின்றாள். "அக்கா, இஞ்ச பாருங்கோ" என்று சொல்லிக் கிண்ணத்தைத் தன் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. சங்கவி கைதட்டினாள்.

ஒரு கரண்டியில் எடுத்து அவளுக்கு நீட்டியபோது பிள்ளை பின்னால் போனாள். "இதுக்கு ஊசி போடவேணுமே அன்ரி?"

"இது உன்ர கிறீம், குஞ்சு. இதுக்கு ஊசி இல்லை."

அதே கிழமை தூதரகத்தின் கடிதமும் எங்கள் விலாசத்துக்கு வந்தது. மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நேர்முகம். பதினொரு மாதம் காத்திருந்த கடிதம். அதற்கு முந்தின சனிக்கிழமை சங்கவியின் ஏழாவது பிறந்தநாள்.

"முதல்ல பிள்ளையின்ர கேக். பிறகுதான் கனடா" என்றாள் நேசமலர்.

4

அந்தச் சனிக்கிழமையை நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மழை பெய்தது. ஒன்றில் காகங்கள் கரைந்தன. இரண்டும் நடக்கவில்லை. சாதாரண வெயில் பின்னேரம், நான்கு மணி.

பதினொரு பிள்ளைகள், ஆறு தாய்மார். முன்னறையில் பலூன். பட்டர் போடாமல் செய்த கேக் குசினியில் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தது. கடைசி நேரம்வரை வெளியே எடுக்கக்கூடாது, எடுத்தால் அரை மணித்தியாலத்துக்குள் வெட்டவேண்டும் என்று நேசமலர் கட்டளை. அவள் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றாள்.

அந்த நேரம் ஒழுங்கைக்குள் சோதனை வந்தது. எங்கள் வீட்டுக்கு ஒரு இளம் பொலிஸ் அதிகாரியும், ஒரு பெண் பொலிசும், துவக்கோடு இரண்டு ஆமிக்காரரும் வந்தார்கள். அதிகாரி மரியாதையானவர். பலூனைக் கண்டதும் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார், ஐந்து நிமிடம்தான் என்றார். தாய்மாரின் அடையாள அட்டைகளைப் பார்த்தார். தன் கோப்பிலிருந்து எங்கள் படிவத்தை எடுத்து விரலை வைத்து வாசித்தார். மூன்று பெயர். என்னைப் பார்த்தார், வரதராசாவைப் பார்த்தார், சங்கவியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஹரி" என்று கோப்பை மூடினார். சரி என்று.

அப்போது குசினிக் கதவு திறந்தது.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. பீற்றர் சத்தத்தில் கேட்டிருக்காது. இரண்டு கையிலும் கேக்கை ஏந்தியபடி, வாயெல்லாம் சிரிப்பாக வந்தாள். வெள்ளை வெளேரென்று, கரண்டியால் இழுத்துவிட்ட சின்னச் சின்னக் கூம்புகளாக நின்றது கிறீம். பிள்ளைகள் "ஆ!" என்றார்கள். துவக்குகளைக் கண்டதும் அவள் நின்றுவிட்டாள்.

"மே கவுத?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார். இவர் யார்?

5

என் பதில்கள்.

முதல் வரைவில்: நான் பதில் சொல்வதற்குள் வரதராசா குறுக்கிட்டு—

இல்லை.

இரண்டாம் வரைவில்: எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பேச்சு வரவில்லை. என் மௌனத்தையே அவர்கள்—

அதுவும் இல்லை. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை. உடனேயே சொன்னேன், தடுமாறாமல் சொன்னேன்:

"கேக் செய்கிற பெண், மாத்தயா. இன்றைக்கு வேலைக்கு வந்தவர். கொட்டாஞ்சேனை."

யோசித்துப் பார்த்தால் கெட்டித்தனமான பொய். அவளுடைய துண்டில் கொட்டாஞ்சேனை என்றுதான் இருக்கிறது. எங்கள் படிவத்தில் மூன்று பேர்தான். எல்லாம் பொருந்துகிறது. அவளுக்கும் பிரச்சினை வராது, எங்களுக்கும் வராது என்று அந்தக் கணத்தில் நினைத்தேனா? நினைத்தேன் என்று எழுத ஆசை. உண்மையில் எங்கள் மூன்று பேரை மட்டும்தான் நினைத்தேன்.

அப்போது ஷபீகா எழுந்தாள். எங்கள் ஒழுங்கையில் பரம்பரையாக இருக்கும் குடும்பம், அதிகாரிகளோடு பயமில்லாமல் பேசுவாள். எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னாள், இல்லை சேர், இவர் நல்ல மனுஷி, இந்த வீட்டில்தான் இருக்கிறார், எட்டு மாதமாக எனக்குத் தெரியும் என்று.

அதிகாரியின் முகம் மாறியது. அவர் ஷபீகாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கவுத பொரு கியன்னே?" என்றார். யார் பொய் சொல்வது?

உண்மையைச் சொல்ல இரண்டாவது தரம் எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம் அது. இதை நீங்கள் கவனிக்கவேண்டும். முதல் தரம் பயம் என்று சொல்லலாம்.

"அவர் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறார், மாத்தயா. இந்தப் பெண் அடிக்கடி கேக் செய்ய வருவார்" என்றேன்.

அதிகாரி நேசமலரிடம் போனார். அவளிடமே கேட்டார். அவள் கையில் இன்னமும் கேக். அவள் என்னைப் பார்த்தாள். கனநேரம் இல்லை. பிறகு எட்டு மாதம் தொலைக்காட்சி பார்த்துப் பொறுக்கிய சிங்களத்தில் சொன்னாள்:

"கேக் ஹதன்ன ஆவா."

கேக் செய்ய வந்தேன்.

கேக்கை மேசையில் மெதுவாக வைத்தாள். அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தாள். கிளிநொச்சி விலாசம். கொட்டாஞ்சேனைத் துண்டு. பெண் பொலிஸ் அவளுடைய தோளைத் தொட்டாள். விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்றார் அதிகாரி. போகும்போது நேசமலர் திரும்பி, "அக்கா, வெக்கையில வைச்சுக்கொண்டிருக்காதேங்கோ" என்றாள்.

(அவள் அதைச் சொல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையை எழுதுவது எனக்கு இலேசாக இருந்திருக்கும். மூன்று வரைவுகளில் அந்த வசனத்தை எடுத்துவிட்டிருந்தேன்.)

6

ஷபீகா தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே நின்று என்னைக் கேட்டாள்.

"டீச்சர், நான் பொய் சென்னேனா?"

"இல்லை ஷபீகா. நீங்க—"

"அப்ப நீங்க ஏன் அப்படிச் சென்னீங்க? அவங்க ஒங்கட புள்ளைக்கு எவ்வளவு பாடுபட்டாங்க."

அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு தெருவில் கண்டால் சலாம் சொல்லுவாள், வீட்டுக்கு வந்ததில்லை.

மற்றத் தாய்மார் எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள். பிள்ளைகள் கேக்கைச் சுற்றி நின்றார்கள். "வெட்டுவம், கிறீம் உருகப்போகுது" என்று ஒரு குரல் கேட்டது.

அது என் குரல்.

வெட்டினோம். பாட்டுப் பாடினோம். சங்கவி, "அன்ரியை எங்க கூட்டிக்கொண்டு போட்டினம் அம்மா?" என்று கேட்டாள். ஒரு அலுவலாகப் போட்டா, இப்ப வருவா என்றேன். அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். மூக்கில் கிறீம், கன்னத்தில் கிறீம். வாழ்க்கையில் முதல்தரம் எல்லாப் பிள்ளைகளையும்போல ஒரு கேக் தின்றாள். நான் அவளுடைய சொண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

நேசமலர் அன்று வரவில்லை. பொலிஸ் கொட்டாஞ்சேனை லொட்ஜுக்கு அறிவித்துக் கேட்டிருக்கிறது. அந்த ஆள் போன செப்டெம்பரிலேயே போய்விட்டார் என்று லொட்ஜ்காரர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு பெண் எட்டு மாதமாகக் கொழும்பில் எங்கே இருந்தாள்? யார் வைத்திருந்தார்கள்? அதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை எங்கள் வீடு. அவள் அதைச் சொல்லவில்லை. ஷபீகா சொன்னதை அதிகாரி கேட்டிருந்தும், கேக் செய்ய வந்தேன் என்றே நின்றிருக்கிறாள். எப்படித் தெரியும் என்றால், பொலிஸ் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. பத்தொன்பது நாள். ஒவ்வொரு நாளும் கேற் சத்தம் கேட்டால் எனக்கும் வரதராசாவுக்கும் உயிர் போய் வந்தது. ஒவ்வொரு நாளும் அவள் சொல்லாமலே இருந்திருக்கிறாள்.

உள்ளே அவளுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. ஒரு வரைவில் அதை எழுதினேன். இருட்டறை, கேள்விகள், ஒரு பெண் பொலிஸ். நன்றாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன். அவள் எனக்குச் சொல்லாத ஒன்றை வைத்து நான் நல்ல எழுத்தாளர் என்று பெயர் எடுக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை நேர்முகம். வியாழக்கிழமை காலி வீதியில் ஒரு தொலைபேசிக் கடைக்குப் போய்த் தூதரகத்துக்கு எடுத்தேன். கோப்பு இலக்கத்தைச் சொன்னேன். அவவால் வரமுடியாது, வேறு திகதி தரவேண்டும் என்றேன்.

"நீங்கள் அவருக்கு என்ன உறவு?" என்று கேட்டது மறுபக்கக் குரல். "உங்கள் பெயர் என்ன?"

ரிசீவரை வைத்துவிட்டேன்.

7

அவளை வெளியே எடுத்தது கொன்ஸ்ரன்ஸ். ஒரு சட்டத்தரணியையும் கூட்டிக்கொண்டு நாள்தோறும் பொலிஸ் நிலைய வாசலில் நின்றிருக்கிறார். என்னிடம் வரச் சொல்லிக் கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. குற்றம் ஒன்றும் இல்லை என்று இருபதாம் நாள் விட்டார்கள்.

அன்று மத்தியானம் நேசமலர் தன் சாமான்களை எடுக்க வந்தாள். நான் தனியே இருந்தேன். அவள் மெலிந்திருந்தாள். இடது கையை மடக்கியே வைத்திருந்தாள். நேரே பின் அறைக்குப் போய் உடுப்புகளை ஒரு பையில் வைத்தாள். நான் அறை வாசலில் நின்றேன்.

"இரும் நேசம், தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம் அக்கா. கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர் ஓட்டோவில நிக்கிறா."

"நான்... அண்டைக்கு நான்..."

அவள் பையின் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் இழுப்பது கஷ்டமாக இருந்தது. நான் உதவப் போனேன். அதற்குள் இழுத்து முடித்துவிட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கிறீம் நிண்டதோ?"

"என்ன?"

"கேக்கில. வெட்டுமட்டும் நிண்டதோ, வழிஞ்சதோ?"

"நிண்டது. நல்லா நிண்டது."

"பிள்ளைக்கு ஒண்டும் செய்யேல்லையே?"

"இல்லை. ரெண்டு துண்டு சாப்பிட்டவள்."

"அப்ப சரி" என்றாள்.

அவ்வளவுதான் பேசினோம்.

(இந்த இடத்தில் எழுத்தாளர் என்ற முறையில் நான் உங்களுக்கு உதவவேண்டும். அவள் எந்தக் குரலில் கேட்டாள் என்று சொல்லவேண்டும். குத்திக் காட்டினாளா, உண்மையாகவே பிள்ளையின் கவலையா? பதினெட்டு வருடமாக அந்தக் குரலை மனதில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். குத்திக் காட்டியிருந்தால் நல்லது. கணக்கு ஒருவிதமாகத் தீர்ந்தது என்று இருந்துவிடலாம். ஆனால் அவள் குத்திப் பேசத் தெரியாதவள். கோபம் வந்தால் சட்டியைப் போட்டு உடைப்பவள்.)

8

நான்கு மாதம் கழித்து நாகேந்திரம் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தார். கொன்ஸ்ரன்ஸிடம் இலக்கம் வாங்கியிருக்கிறார். நேர்முகத்துக்குப் போகாததால் கோப்பை மூடிவிட்டார்கள், திரும்ப மனுப் போடவேண்டும் என்றார். அதற்குள் தாய்க்கு நோய் கடுமை என்று கேள்விப்பட்டு நேசமலர் வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து எப்படியோ உள்ளே கிளிநொச்சிக்குப் போய்விட்டாள். கடைசிக் கடிதம் வந்து ஆறு கிழமை என்றார்.

"அக்கா, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எடுத்தனான். அவ எல்லாம் எழுதினவ. எட்டு மாசமா உங்கட வீட்டில தங்கச்சி மாதிரி வைச்சிருந்தனீங்கள் எண்டு."

"அவ வேற ஒண்டும் எழுதேல்லையோ?"

"வேற என்ன அக்கா? பொலிஸ் பிடிச்சது எங்கட கெட்டகாலம். றோட்டில பிடிச்சிருக்கிறாங்கள்."

றோட்டில். நான் ஓம் என்றேன். ஓம் தம்பி, றோட்டில என்றேன். மூன்றாவது தரம்.

பிறகு 2009 வந்தது. கிளிநொச்சி மக்கள் எங்கெல்லாம் துரத்தப்பட்டார்கள், எங்கே முடிந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நாகேந்திரம் திரும்ப எடுக்கவில்லை. நானும் தேடவில்லை. முகாம்களில் இருந்தவர்களின் பட்டியல்கள் வந்தன. கொன்ஸ்ரன்ஸ் உயிரோடு இருக்கும்வரை அவற்றை வரிவரியாகப் பார்த்தாராம். நான் ஒரு பக்கத்தையும் திறக்கவில்லை. பெயர் இருந்தால் என்ன செய்வது என்று பயம். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம்.

ஒவ்வொரு மேயிலும் அந்தக் கிறீமைச் செய்தேன். பாடசாலை விழாக்களுக்குச் செய்தேன். கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் புகழ்ந்தார்கள்.

9

முடிவாக இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவள் உயிரோடு இருக்கிறாள், கனடாவில் கேக் கடை வைத்திருக்கிறாள், என்னை மன்னிக்கிறாள். மற்றதில் அவள் இறந்துவிடுகிறாள், நான் அழுகிறேன். இரண்டிலும் கடைசியில் ஆறுதல் எனக்குத்தான் கிடைக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டேன்.

போன கிழமை சங்கவி இந்தத் தாள்களைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு இருபத்தைந்து வயது, வேலைக்குப் போகிறாள், என்னோடுதான் இருக்கிறாள். சாப்பாட்டு மேசையருகில் நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். நான் குசினியில் பாத்திரம் கழுவுவதுபோல நின்றேன்.

"அன்ரி ஊருக்குப் போட்டா எண்டுதானே எனக்குச் சொன்னனீங்கள்?"

"ஓம்."

"நான் அந்தக் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க அவ எங்க இருந்தவ? ஜீப்பிலயோ?"

அவள் எனக்கு முன்னால் அழவில்லை. அறைக்குள் போய்ப் பழைய படங்கள் போட்ட பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினாள். அந்தப் பிறந்தநாள் படங்கள் முப்பத்தாறு இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பலூன், பிள்ளைகள், தாய்மார், நான் சிரித்தபடி. கேக் எல்லாவற்றிலும் இருக்கிறது. நேசமலர் ஒன்றிலும் இல்லை.

"எட்டு மாசம் எங்களோட இருந்தவ. ஒரு படம்கூட இல்லையே அம்மா?"

"அவ எந்த நேரமும் குசினிக்குள்ள."

"நான் தேடப்போறன்" என்றாள்.

தேடத் தொடங்கிவிட்டாள். கணினியில் கிளிநொச்சிக்காரரின் குழுக்களில் எழுதுகிறாள், கனடாவில் நாகேந்திரம் என்ற பெயருள்ளவர்களுக்கு எல்லாம் செய்தி அனுப்புகிறாள். என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். அவளுடைய தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நான் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறேன். கிடைக்கவேண்டும் என்று அவள் நேர்த்தி வைத்திருக்கிறாள். கிடைக்கக்கூடாது என்று நான் நினைக்கிறேன். இதைத்தான் எழுதாமல் விடப் பார்த்தேன்.

ஆகவே முடிவு என் கையில் இல்லை. இதை வாசிக்கும் நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ தெரியாது. வவுனியாவாக இருக்கலாம், ரொறொன்ரோவாக இருக்கலாம், இந்த ஒழுங்கையாகவே இருக்கலாம். நேசமலர் என்ற ஒருத்தியை நீங்கள் அறிந்திருந்தால் இந்தத் தாள்களை அவளுக்குக் காட்டுவதா விடுவதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். அவள் ஏதாவது சொன்னால், அது எதுவாக இருந்தாலும், என் மகளுக்குச் சொல்லுங்கள்.

எனக்குச் சொல்லவேண்டாம்.